மேடைக்குப் பின்னால் நான் என்ன செய்தேன்?



எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் திருவிழா மெல்லிசைக் கச்சேரி வீடியோவை யாரோ போட்டாலும் போட்டார்கள், ஒரு வாரமாக என் போன் ஓயவில்லை. "டீச்சர், ஸ்பீக்கருக்குப் பின்னால மேசை போட்டு உக்காந்திருக்கறது நீங்களா?" என்று கேட்காத ஆள் இல்லை. "மதினி, நன்கொடை ரசீது போடுறீங்களா?" என்று என் கொழுந்தனார் கிண்டல் வேறு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கச்சேரியில் பேஸ் கிட்டார் வாசித்தது என் மகன். பகலில் அவனுக்கு வேறு வேலை. திருவிழாக் காலத்தில் ராத்திரியானால் மேடை. திருவிழாவுக்கு மூன்று வாரம் முன்பு வண்டி மணலில் சறுக்கி வலது காலில் எலும்பு முறிவு. மாவுக்கட்டு. கைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, வாசிக்கலாம். சிக்கல் காலில்தான்.

"கிட்டார் வாசிக்கக் கால் எதுக்குடா?" என்று கேட்டேன். அப்போதுதான் ஒரு பலகையைக் காட்டினான். அதில் சோப்பு டப்பா அளவில் ஐந்து இரும்புப் பெட்டிகள் வரிசையாக. அதற்குப் பெயர் பெடல். கிட்டாரிலிருந்து வரும் ஒலி ஒவ்வொரு பெட்டி வழியாகப் போய்த்தான் ஸ்பீக்கருக்கு வருகிறது. காலால் ஒரு அமுக்கு அமுக்கினால் அந்தப் பெட்டி வேலை செய்யும். மறுபடி அமுக்கினால் ஒலி அதைத் தொடாமல் அப்படியே தாண்டிப் போகும். கட்டுப்போட்ட காலை ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்து, இடது காலால் அமுக்கிப் பார்த்தான். அந்தக் காலைத் தூக்கினாலே உடம்பு சாய்ந்து கிட்டார் நழுவுகிறது.

"அம்மா, உனக்கு ரெண்டு கையும் சும்மாதானே இருக்கு? பலகையை மேசைல வச்சுத் தர்றேன், நீ அமுக்கும்மா" என்றான். 66 வயதில் எனக்கு வந்த புது உத்தியோகம் இது.

நான்கு சாயங்காலம் எனக்கு வகுப்பு நடந்தது. அவன் வாத்தியார், நான் மாணவி. முதல் பெட்டி டியூனர். சுருதி பார்க்க மட்டும். அதை அமுக்கினால் ஸ்பீக்கருக்கு ஒலி போகாது, அதனால் பாட்டுக்கு நடுவில் தொடவே கூடாது. இரண்டாவது கம்ப்ரஸர். ஓங்கி மீட்டியதைக் கொஞ்சம் அடக்கி, மெல்ல மீட்டியதைக் கொஞ்சம் தூக்கி, எல்லாவற்றையும் ஒரு சீராக வைக்கும். அது எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கட்டும். மூன்றாவது ஆக்டேவ். வாசிக்கும் சுரத்துக்குக் கீழ் ஸ்தாயியில் இன்னொன்றைச் சேர்த்துக் கொடுக்கும். ஆனால் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான். இரண்டு கம்பியைச் சேர்த்து மீட்டினால் குழம்பிவிடும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் போல என்று நினைத்துக்கொண்டேன். நான்காவது ஓவர்டிரைவ். ஒலியைச் சொரசொரப்பாக்கும், குத்துப் பாட்டுக்கு. ஐந்தாவது கோரஸ். ஒரே ஒலியை லேசாகத் தள்ளி, சுருதியைச் சற்றே அசைத்து, அசலோடு கலக்கும். தண்ணீரில் விளக்கு வெளிச்சம் அசைகிற மாதிரி இருக்கும். மெதுவான பாட்டுகளுக்கு அது.

ஒரு சந்தேகம் கேட்டேன். ஓவர்டிரைவ் போட்டால் வீட்டில் அவ்வளவு கம்பீரமாக இருக்கிறது, ஒத்திகையில் மற்ற வாத்தியங்கள் சேர்ந்ததும் பேஸ் எங்கே போனது என்றே தெரியவில்லையே? "நல்லாக் கேட்டம்மா" என்று சொன்னான். சொரசொரப்பு ஏற ஏற அடி ஒலி மெலிந்துவிடுமாம். அதனால் அந்தப் பெட்டியில் ஒரு திருகு இருக்கிறது, பழைய சுத்தமான ஒலியையும் அதனோடு பாதிக்குப் பாதி கலக்க. அதேபோல, பெட்டியைப் போட்டாலும் எடுத்தாலும் சத்தம் ஒரே அளவில் இருக்கும்படி முன்கூட்டியே திருகி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அமுக்கும்போதெல்லாம் மேளம் ஒரு பக்கம், பேஸ் ஒரு பக்கம் என்று ஆகிவிடும். தொனி மாறலாம், அளவு மாறக்கூடாது. ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்குச் சொன்ன பாடம் போலவே இருந்தது.

விடுவேனா? பாடக் குறிப்பு எழுதுகிற நோட்டை எடுத்து 18 பாட்டுக்கும் கட்டம் போட்டேன். பல்லவிக்கு எது, சரணத்துக்கு எது, இடையிசைக்கு எது என்று எழுதினேன். பெட்டிகளில் கலர் ஸ்டிக்கர் ஒட்டினேன். ஒரு விஷயத்தில் அவனையே மிஞ்சினேன். கோரஸை நிறுத்தி, அதே நொடியில் ஓவர்டிரைவைப் போட வேண்டிய இடத்தில் அவன் ஒரு காலால் இரண்டு தடவை மிதிக்க வேண்டும், நடுவில் ஒரு பிசிறு தட்டும். எனக்கு இரண்டு கை. ஒரே அமுக்கு.

கச்சேரி நன்றாகத்தான் போனது. 1980-இல் வந்த 'மூடுபனி' படத்தில் யேசுதாஸ் பாடிய அந்தக் கிட்டார் பாட்டுக்குக் கோரஸ் போட்டபோது எனக்கே பெருமையாக இருந்தது. பதினோராவது பாட்டில் தப்பு செய்தேன். மேடை விளக்கு முழுச் சிவப்புக்கு மாறியது. சிவப்பு ஸ்டிக்கரும் வெள்ளை ஸ்டிக்கரும் ஒன்றுபோலத் தெரிந்தன. ஓவர்டிரைவ் என்று நினைத்து டியூனரை அமுக்கிவிட்டேன்.

பாட்டு நிற்கவில்லை. பாடகி பாடுகிறாள், கீபோர்டு ஒலிக்கிறது, டிரம்ஸ் அடிக்கிறது. ஆனால் தரையை யாரோ உருவிக்கொண்ட மாதிரி இருந்தது. முன்வரிசையில் ஆடிக்கொண்டிருந்த பையன்கள் ஏனென்று தெரியாமலே தளர்ந்தார்கள். டிரம்ஸ்காரர் திரும்பிப் பார்த்தார். எனக்குக் கை ஓடவில்லை. மகன் என்னைப் பார்த்தான். முகத்தில் கோபமே இல்லை. விரல்கள் கம்பியில் ஓடிக்கொண்டிருக்க, "ஒண்ணும்மா, ஒண்ணு" என்று உதடு மட்டும் அசைந்தது. முதல் பெட்டியை அமுக்கினேன். ஒலி திரும்பி வந்தது. என் நெஞ்சுக்குள் வந்து இறங்கியது.

இதற்கு மேல் எழுதுவதுதான் எனக்குக் கஷ்டம்.

2004-இல் அவன் பிளஸ் டூ படித்தபோது அவனிடம் ஒரு பழைய பேஸ் கிட்டார் இருந்தது. காசு சேர்த்து வாங்கியது. அவன் டியூஷன் போயிருந்த நேரத்தில் அதை 1,500 ரூபாய்க்கு நான் விற்றுவிட்டேன். படிப்பு கெடுகிறது என்று அவன் அப்பாவிடம் சொன்னேன். திரும்பி வந்தவன் மூலையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. நல்ல மார்க் வாங்கினான். நான் செய்தது சரிதான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டேன். அதற்குப் பிறகு வீட்டில் பாட்டு நிற்கவில்லை, பேச்சு நிற்கவில்லை. ஆனால் ஏதோ ஒன்று போய்விட்டிருந்தது. அது என்ன என்று எனக்கு இருபது வருடம் தெரியவில்லை. முதல் சம்பளத்தில் அவன் வேறு கிட்டார் வாங்கியபோதும் தெரியவில்லை. பதினோராவது பாட்டில்தான் தெரிந்தது.

என் வகுப்பில் தப்பு செய்த பிள்ளையை நான் எப்படிப் பார்த்தேன் என்று உங்களுக்கு நினைவிருக்கும். என் மகன் என்னைப் பார்த்த பார்வை அது இல்லை.

அவனிடம் நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவன் இதைப் படிப்பான். தம்பி, அன்றைக்கு நான் செய்தது தப்புடா.

பெஞ்சில் தாளம் போட்டதற்காக என்னிடம் அடிவாங்கியவர்களும் இதைப் படிப்பீர்கள். உங்களுக்கும் அதேதான்.

கடைசியாக ஒன்று. "வீடியோவில் பேஸ் கேட்கவே இல்லையே" என்று சிலர் எழுதியிருந்தீர்கள். பேஸின் அடிக்கம்பி நொடிக்கு 41 முறைதான் அதிர்கிறது. போனில் இருக்கும் சின்ன ஸ்பீக்கரால் அதைக் கொடுக்க முடியாது. நல்ல ஹெட்போன் மாட்டி இன்னொரு தடவை கேளுங்கள். பதினோராவது பாட்டில் எந்த இடம் என்று கண்டுபிடிப்பவர்கள் வீட்டுக்கு வந்தால் முறுக்கு உண்டு.

மாவுக்கட்டு அடுத்த மாதம் பிரிக்கிறார்கள். அதுவரை இன்னும் இரண்டு மேடை இருக்கிறது. ஸ்டிக்கரை எடுத்துவிட்டு எண் எழுதி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்