மிலிட்டரி ரூமின் சாவி

கீழக்குயில்குடியில் அந்த அறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. ஊர் வைத்த பெயர் ‘மிலிட்டரி ரூம்’. சமணர் மலைக்குப் போகும் பாதையில் ஒரு சின்ன வாடகை அறை. உள்ளே ஒரு கேரம் போர்டு, நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மர பீரோ. சாயங்காலம் ஐந்து மணிக்கு ஹவில்தார் வந்து ஷட்டரைத் தூக்குவார். ஏழு மணிக்கு இறக்குவார். நடுவில் வருகிறவர்கள் இப்போது இரண்டே பேர். முழங்கால் வலியோடு ஒரு நாயக், பட்டாளத்தில் சமையல் பார்த்த ஒருவர். கேரம் ஆட நான்காவது கை இல்லை.

வாடகை கட்ட மூன்று பென்ஷன் தாராளமாகப் போதும். காசில்லாமல் இந்த அறை மூடப்படவில்லை.

பட்டாளத்துச் சிப்பாய் ஊர் திரும்பும்போது அவருக்கு நாற்பது வயதுகூட ஆகியிருக்காது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள். அந்தப் பென்ஷனை மட்டும் நம்பி உட்கார முடியாது. வங்கி வாசலில், மில் கேட்டில், மருத்துவமனையில் என்று இன்னொரு காக்கிச் சட்டை. முன்னாள் படைவீரர்களுக்கு வேலை கொடுக்கவே தமிழ்நாடு அரசு 1986-ல் டெக்ஸ்கோ நிறுவனத்தைத் தொடங்கியது. ஹவில்தாரும் அப்படித்தான், இருபது வருடத்துக்குமேல் ஒரு வங்கி வாசலில் நின்றார். டியூட்டி முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு மணி நேரம் இந்தியும் தமிழும் கலந்து பேசிச் சிரிக்க ஓர் இடம் வேண்டியிருந்தது. கேன்டீன் கோட்டா பாட்டில் சில நாள் பீரோவுக்குள் இருந்ததும் உண்மைதான். ஊர்ப் பெண்கள் திட்டியதும் உண்மைதான்.

ஆனால் அதே பெண்கள்தான் கஷ்டம் வந்தபோது முதலில் அந்தப் படியேறினார்கள். புருஷன் செத்து பதினாறாம் நாள் முடிந்த கையோடு, ஒரு தகரப் பெட்டியோடு வந்து நிற்பார்கள். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் மனைவி பெயர் ‘பேச்சி’ என்று இருக்கும். ஆதாரில் ‘பேச்சியம்மாள்’. பதினெட்டு வயதில் எங்கோ ஒரு ரெஜிமென்ட் குமாஸ்தாவிடம் சொன்ன பெயர், ஐம்பது வருடம் கழித்துக் குடும்ப பென்ஷனை நிறுத்திவைக்கும். எந்த அலுவலகத்துக்கு என்ன கடிதம், அதோடு எந்தெந்த நகல், யாரிடம் கையெழுத்து என்று ஹவில்தாருக்கு மனப்பாடம். அந்த அறை செய்த பெரிய வேலை இதுதான். கேரம் அதற்கு ஒரு சாக்கு என்றுகூடச் சொல்லலாம்.

நவம்பரில் உயிர்வாழ் சான்று கொடுக்க எல்லோரும் சேர்ந்து வேன் பிடித்து மதுரைக்குப் போவது ஒரு திருவிழா. யார் வரவில்லை என்று பார்த்தாலே யாருக்கு உடம்பு முடியவில்லை என்று தெரிந்துவிடும். 2014-ல் ஜீவன் பிரமாண் வந்தது. பிறகு ராணுவ பென்ஷன் முழுக்க ‘ஸ்பர்ஷ்’ இணையதளத்துக்கு மாறியது. இப்போது பேரனின் செல்போனிலேயே முகத்தைக் காட்டி வேலையை முடித்துக்கொள்ளலாம். நல்ல வசதிதான், முழங்கால் வலிக்காரர் அதைக் குறை சொல்லமாட்டார். ஆனால் வேன் நின்றுபோனது. வேனில் வந்தவர்களும் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள்.

போருக்குப் போய்வந்தவர்கள் கூடும் இடங்கள் எல்லா நாட்டிலும் ஒருநாள் இப்படி வந்து நிற்கின்றன. அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் இருந்தவர்கள் 1866-ல் ‘கிராண்ட் ஆர்மி ஆஃப் தி ரிபப்ளிக்’ என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். 1890-ல் நான்கு லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். அந்தப் போரில் இருந்தவர் மட்டுமே உறுப்பினர், மகன்கூடச் சேர முடியாது. கடைசி உறுப்பினர் ஆல்பர்ட் ஊல்சன் 1956-ல் இறந்தபோது சங்கமும் முடிந்தது. பேர்ல் துறைமுகத் தாக்குதலில் பிழைத்தவர்களின் சங்கம், நடத்த ஆளில்லாமல் 2011 கடைசியில் தன்னைத்தானே கலைத்துக்கொண்டது. இரண்டாம் உலகப் போரின் பர்மா முனையில் சண்டையிட்டவர்களுக்காக பிரிட்டனில் இருந்த பர்மா ஸ்டார் சங்கம் 2020-ல் மூடப்பட்டது. அந்த முனையில் நின்ற 14-வது படையில் பெரும்பகுதி இந்தியச் சிப்பாய்கள் என்பது பலருக்குத் தெரியாது.

கதவை எல்லாப் போர்க்காரர்களுக்கும் திறந்து வைத்த சங்கங்கள் மட்டும் பிழைத்தனவா என்றால், அதுவும் பாதிதான். அமெரிக்கன் லீஜனில் 1946-ல் 33 லட்சம் பேர் இருந்தார்கள். இன்று 20 லட்சத்துக்கும் கீழே.

கீழக்குயில்குடியில் இந்தக் கேள்வி ஒரு பேரப்பிள்ளை வடிவில் வந்தது. நாயக்கின் பேரன். 2022-ல் அக்னிபத் திட்டம் வந்ததும் முதல் அணியில் சேர்ந்தவன். லீவில் வந்தவன் தாத்தாவைக் கூட்டிப்போக அறைக்கு வந்தான். நான்கு வருடம் முடியப் போகிறது. நூற்றுக்கு 25 பேர் வரைதான் தொடர முடியும். மற்றவர்கள் ஏறத்தாழ 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதியோடு வெளியே வருவார்கள். பென்ஷன் இல்லை, கேன்டீன் இல்லை, ‘முன்னாள் படைவீரர்’ என்ற தகுதியும் இல்லை.

“நான் வெளிய வந்தா இங்க சேத்துக்குவீங்களா தாத்தா?” என்று ஹவில்தாரிடம் விளையாட்டாகத்தான் கேட்டான்.

உறுப்பினர் நோட்டில் பெயர், ரெஜிமென்ட், பென்ஷன் எண் என மூன்று கட்டங்கள். மூன்றாவது கட்டம் காலியாக இருந்தால் சேர்க்கக் கூடாது என்பது அவர்களே எழுதிக்கொண்ட விதி.

“நாலு வருஷத்துக்கெல்லாம் மெம்பரா? விதின்னு ஒண்ணு இருக்குல்லண்ணே” என்றார் சமையல்காரர்.

“அவன் நின்ன பனியில நீ நிக்கல” என்றார் நாயக். “சமையக்கட்டுல நின்ன.”

அன்றைக்கு யாரும் கேரம் ஆடவில்லை. ஹவில்தார் பதிலே சொல்லவில்லை.

மாதக் கடைசியில் அறையைக் காலி செய்தார்கள். சாவியை வீட்டுக்காரரிடம் கொடுத்தாகிவிட்டது. நாற்காலிகள் அய்யனார் கோயில் பக்கத்து டீக்கடைக்குப் போயின. கேரம் போர்டையும் நோட்டையும் அந்தப் பையன்தான் பைக்கில் வைத்து ஹவில்தார் வீட்டுத் திண்ணையில் இறக்கினான். நோட்டைப் பிரித்து, கடைசிப் பெயருக்குக் கீழே அவன் பெயரையும் ரெஜிமென்டையும் ஹவில்தார் எழுதினார். மூன்றாவது கட்டத்தில் பேனாவை வைத்து, எடுத்துவிட்டார்.

“உட்காருப்பா. தாத்தாவையும் சமையக்காரரையும் வரச் சொல்லு. நாலு கை ஆச்சு” என்றார்.