லூயிஜி சான்ஸ்

குர்காவ்ன் வந்து 12 வருஷம். போன வாரம் பொண்ணுக்கு 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ் வொண்டர்' (2023) வாங்கினேன். "நான் மாரியோ, நீ லூயிஜி"ன்னுட்டா. திருச்சியில தம்பிகிட்ட நான் சொன்ன அதே டயலாக்!

எங்ககிட்ட இருந்தது டூப்ளிகேட் டிவி கேம். அதுல 1985ல வந்த முதல் சூப்பர் மாரியோ. மாரியோ அவுட்டானாதான் லூயிஜிக்கு சான்ஸ். நான் லேசுல அவுட்டாக மாட்டேன். தம்பி ஜாய்ஸ்டிக்கைப் பிடிச்சுக்கிட்டே தூங்கிடுவான்.

ஜப்பான்ல 1988ல வந்த மூணாம் பாகம், 1990ல வந்த 'சூப்பர் மாரியோ வேர்ல்டு' ரெண்டுலயும் இதே கதைதான், ஒருத்தர் மாத்தி ஒருத்தர். 1996ல வந்த 'சூப்பர் மாரியோ 64'ல லூயிஜியே கிடையாது. அண்ணனும் தம்பியும் சேர்ந்தே ஓடினது 2009ல, வீ-க்கு வந்த 'நியூ சூப்பர் மாரியோ பிரதர்ஸ்'ல. 24 வருஷக் காத்திருப்பு!

அப்பா போனப்புறம் அம்மாவைப் பார்த்துக்கிட்டு ஊரோட இருக்கிறவன் தம்பிதான். பெங்களூர்ல வந்த வேலையைக்கூட விட்டான். நான் ஒண்ணும் கேட்டுக்கல.

நேத்து போன் பண்ணினேன். "அம்மா இனி என்கூட இருக்கட்டும். உன் சான்ஸ்டா."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"ஏண்ணே, அவுட்டாயிட்டியா?"ன்னான்.