கடலுக்குப் போகும் கத்தி



தூத்துக்குடியில் விசைப்படகு இன்ஜின் வேலைக்குப் போகும் தங்கை மகன், "மாமா, மல்டி டூல் ஒண்ணு வாங்கிக் குடுங்க" என்றான்.

இப்படி ஒன்று வந்த கதையே சுவையானது. 1975-ல் ஐரோப்பாவில் பழைய ஃபியட் காரோடு மல்லாடிய அமெரிக்கர் டிம் லெதர்மேன், கத்தியோடு குறடும் சேர்ந்தால் என்ன என்று யோசித்தார். 1983-ல் விற்பனைக்கு வந்தது.

படகுக்கு நான் பார்த்தது மூன்றுதான். கயிறு காலைச் சுற்றி இழுத்தால், ஒரே கையால் கத்தி விரிய வேண்டும். நைலான் கயிற்றை அறுக்க ரம்பப்பல் வேண்டும். இடுப்போடு கட்ட வளையம் வேண்டும். தவறி விழுந்தால் மிதக்காது.

எவர்சில்வரையும் கடலுப்பு அரிக்கும். கரை வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, எண்ணெய் விட வேண்டும். எண்ணெய்க்கு நம்ம திருப்பூரில் பஞ்சமா? தையல் மெஷின் எண்ணெய் ஒரு பாட்டிலும் கொடுத்தனுப்பினேன்.

கடலோர மாணவர்களே, ஏதாவது விட்டுப்போயிருந்தால் சொல்லுங்கள். அவன் ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறான்.