பக் துரையும் எங்கள் டிரில் மாஸ்டரும்

கோபியில் நான் படித்த காலத்தில் டிரில் மாஸ்டர் என்றாலே எங்களுக்கு இளக்காரம். அவருடைய பீரியடைக் கணக்கு வாத்தியார் பறித்துக்கொள்வார். "பக் துரை காலேஜில படிச்சவனாக்கும் நானு" என்பார். யார் அந்தப் பக் துரை என்று நாங்கள் கேட்டதே இல்லை.

ஓய்வுக்குப் பிறகுதான் படித்தேன். 1891இல் கூடைப்பந்து பிறந்தது அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு கல்லூரியில். அங்கே பயின்ற ஹாரி குரோ பக், 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். 1924இல் இந்திய அணியுடன் பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போனார். 1943இல் மறையும்வரை சென்னைதான் அவருக்கு ஊர். அவர் கல்லூரியில் பயின்றவர்கள் பந்தோடு ஊர் ஊராகப் போனார்கள்.

அப்படிக் கைமாறி வந்த பந்துதான் என் கையிலும் விழுந்தது. மாஸ்டரிடம் சொல்லலாம் என்று விசாரித்தேன். அவர் போய்ச் சேர்ந்து வெகு நாளாகிவிட்டது.