கயிறும் கணவாயும்

தமிழில் பனி என்றால் முதலில் பனித்துளி. மார்கழிக் காலையில் புல்நுனியில் நிற்பது. மலைமுகட்டில் வருஷம் முழுதும் கிடந்து இறுகிப்போன வெண்மைக்கும் அதே சொல்தான். முன்பனி, பின்பனி என்று பருவத்தைப் பிரிக்கத் தெரிந்த மொழிக்கு, விழுகிற பனி, கிடக்கிற பனி, உருகி மறுபடி இறுகிய பனி என்று பிரிக்கும் அவசியம் நேரவில்லை. இமயம் நம் பழம்பாட்டுகளில் வடக்கு எல்லையாக வருகிறது. நடந்து போகிற இடமாக அல்ல. குறிஞ்சி என்பது தேன் எடுத்துத் தினை விதைத்துக் களவில் கூடி வாழ்கிற மலை. புல்லும் நிற்காத மலைக்கு நம்மிடம் திணை இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஹிமாசலப் பிரதேசத்தில் ஹம்ட்டா கணவாயைக் கடக்கப் போனபோது கையில் என்ன சொற்கள் இருந்தன என்ற கணக்குக்காகச் சொல்கிறேன்.

மனாலியிலிருந்து ஜீப்பில் நாற்பதுக்கு மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஜோப்ரா. அதன்பின் நடை. சிக்கா, பாலூ கா கேரா, கணவாய், ஷியா கோரூ, சத்ரூ – நான்கு நாட்கள். பத்துப் பேர், ஒரு வழிகாட்டி, ஓர் உதவியாள், சமையல்காரர், சாமான் சுமக்கக் கோவேறு கழுதைகள். காட்டையும் ஓடையையும் வர்ணிப்பதை விட்டுவிடுகிறேன். வர்ணனைகளுக்குப் பஞ்சமில்லை, எல்லாம் ஒரே படத்துக்குக் கீழே எழுதிய வரிகள் போலவே இருக்கின்றன.

பாலூ கா கேரா என்ற பெயரில்தான் எனக்கு முதல் தடுமாற்றம். சமையல்காரர் கரடி என்றார், வழிகாட்டி மணல் என்றான். ஹிந்தியில் முதலெழுத்தில் மூச்சை அழுத்தினால் கரடி, அழுத்தாவிட்டால் மணல். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றே. போய்ப் பார்த்தால் ஓடை பல கிளையாய்ப் பிரிந்து மணலும் கூழாங்கல்லுமாகப் பரந்து கிடக்கிறது. கரடி எதுவும் தென்படவில்லை. ஆனாலும் ராத்திரி கூடாரத்துக்குள் கரடிதான் நிஜமாக இருந்தது.

அங்கே, சுமார் 3,600 மீட்டர் உயரத்தில், என் நண்பருக்கு முடியாமல் போயிற்று. கவிதை எழுதுகிறவர், அறுபத்திரண்டு வயது. இந்தப் பிரயாணத்தை முப்பது வருஷமாய் மனத்தில் போட்டு வளர்த்தவர். மத்தியானமே தலைவலி என்றார். சாயங்காலம் இரண்டு தடவை வாந்தி. வழிகாட்டிக்கு இருபத்தாறு வயதுக்குமேல் இராது. விரலில் கருவியை மாட்டிப் பார்த்தான்: 71. அந்த எண்ணோடு அவன் திருப்திப்படவில்லை. கூடாரக் கயிறு ஒன்றை அவிழ்த்துத் தரையில் நேர்கோடாகப் போட்டு, "அங்கிள்ஜி, இதன்மேல் குதிகாலும் விரலும் ஒட்ட நடங்கள்" என்றான். நான்காவது அடியில் நண்பர் இடப்பக்கம் சாய்ந்தார். மறுபடி நடக்கச் சொன்னான். மூன்றாவது அடியிலேயே சாய்ந்தார்.

மேலே போகப்போகக் காற்றில் பிராணவாயுவின் விகிதம் குறைவதில்லை; காற்றின் அழுத்தம் குறைகிறது. கணவாயில் அது கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு. சிலருக்கு மூளையில் நீர் கோக்கிறது. அதன் முதல் அடையாளங்களில் ஒன்று நேராக நடக்க முடியாமை. உடனே இறங்குவதுதான் வைத்தியம். விடியட்டும் என்று காத்திருந்தால் ஆள் இல்லை.

"காலையில் சரியாகிவிடும்" என்று நண்பர் கெஞ்சினார். பிறகு கத்தினார். பணம் கட்டியிருப்பதைச் சொன்னார். அவன் குரலை உயர்த்தவே இல்லை. உதவியாளையும் ஒரு கழுதையையும் கூட அனுப்பி, இருட்டும் முன்பே சிக்காவுக்கு இறக்கிவிட்டான். போகும்போது நண்பர் என்னைப் பார்க்காமலே, "நீர் போய்ட்டு வாரும்" என்றார்.

வாசிப்பு, பிரதி, விமர்சகனின் பொறுப்பு என்று நாம் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். தப்பாக வாசித்தாலும் யாரும் சாகமாட்டார்கள் என்ற பத்திரத்தில் இருந்துகொண்டுதான் எழுதினோம். கயிற்றின்மேல் சாய்ந்த ஒரு காலை அந்தப் பையன் வாசித்ததில் அந்தப் பத்திரம் இல்லை.

கணவாய், சுமார் 4,270 மீட்டர். தேவ் டிப்பாவும் (6,001) இந்திராசனும் (6,221) தெரிந்தன. எனக்கு முக்கியமாய்ப் பட்டது காலடிதான். இந்தப் பக்கம் உருகும் நீர் ராணி நாலா வழியாக பியாஸுக்குப் போகிறது. அந்தப் பக்கம் உருகுவது சந்திரா நதிக்கு. சந்திரா தாண்டியில் பாகாவோடு சேர்ந்து செனாப் ஆகிறது. 1960 ஒப்பந்தத்தில் பியாஸ் இந்தியாவுக்கு, செனாப் பெரும்பாலும் பாகிஸ்தானுக்கு என்று எழுதினார்கள். 2025இல் இந்தியா அதை நிறுத்திவைத்தது. பியாஸ் சேர்கிற சட்லெஜும் செனாபும் இயற்கையின் வழியில் பாகிஸ்தானில் ஒன்றாகிச் சிந்துவில் கலக்கின்றன. நான் நின்ற இடத்தில் அது ஒரே பனி. அழுக்கு, ஆட்டுப்புழுக்கை ஒட்டியிருந்தது. கோடையில் கத்தி இடையர்கள் மந்தையோடு லாஹூலுக்குக் கடக்கிற வழி இது. அவர்களுக்கு இது சாகசமும் இல்லை, தரிசனமும் இல்லை. மேய்ச்சலுக்குப் போகிற பாதை.

இறங்கினால் பச்சை தீர்ந்துவிடுகிறது. மழைமேகம் மலைக்குத் தெற்கே பெரும்பாலும் நின்றுபோகிறது. வடக்கே மண்ணும் பாறையும் பழுப்பு. ஒரு பகல் நடையில் இரண்டு உலகம். பாலைத் திணை என்று சொல்லிப் பார்த்தேன். பொருந்தவில்லை, காலடியில் பனிநீர் ஓடிக்கொண்டிருந்தது.

சத்ரூவிலிருந்து வண்டியில் அடல் சுரங்கம் வழியாக மனாலி. 2020இல் திறந்தது, ஒன்பது கிலோமீட்டர். நான்கு நாள் நடந்து கடந்த மலைத்தொடரை நிமிஷங்களில் கடந்துவிடுகிறது. நண்பர் விடுதியில் தெளிவாக உட்கார்ந்து பருப்பும் சாதமும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கோபம் தெளியவில்லை. "அந்தப் பயலுக்கு என்ன தெரியும்" என்றார். அந்தப் பயல் மறுநாள் காலையே அடுத்த கோஷ்டியோடு ஜோப்ராவுக்குப் புறப்பட்டுவிட்டான்.

ஊர் வந்து இரண்டு மாதத்தில் நண்பர் ஒரு நீண்ட கவிதை அனுப்பினார். அதில் கணவாய் இருக்கிறது, வெண்மை இருக்கிறது, மௌனம் மூன்று இடத்தில் இருக்கிறது. கயிறு இல்லை. கயிற்றை எழுதும் என்று ஒரு கார்டு போட்டேன். இன்னும் பதில் இல்லை.