உடைத்துப் பார்க்கத் தெரிந்த மாணவர்கள்

கடல் கடந்த மடல் – ஜெர்மனியிலிருந்து

ஜெர்மனியின் சில தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களில் எப்போதாவது ஒரு நாள் வரும். மாலை நேரங்களையும் சனி, ஞாயிறுகளையும் கொடுத்து மாணவர்கள் மாதக்கணக்கில் பாடுபட்டுக் கட்டிய விமான இறக்கை ஒன்றை, உடைப்பதற்கென்றே இரும்புச் சட்டத்தில் பூட்டுவார்கள். இறக்கையை மூடி, உள்ளே 54 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றுவார்கள். நீளம் நெடுக மாட்டிய கவ்விகளைப் பிடித்து இழுக்க இழுக்க, நுனி வில்லாக வளையும். பறக்கும்போது வரக்கூடிய உச்சச் சுமையைப்போல ஒன்றரை மடங்கை அந்த இறக்கை மூன்று விநாடியாவது தாங்க வேண்டும் என்பது விதி. தாங்கிய பிறகும் இழுப்பதை நிறுத்துவதில்லை. உள்ளே இழைகள் அறுபடும் சத்தம் முதலில் அப்பளம் நொறுங்குவதுபோல மெல்லக் கேட்கும். பிறகு ஒரே வெடிப்பு.

உடனே எல்லோரும் ஓடிப்போய்ப் பார்ப்பது, எந்த இடத்தில் உடைந்தது என்பதைத்தான். கணக்குப் போட்டவர், இழைத்துணியை அடுக்கியவர், ரெசின் கலந்தவர் எல்லோரும் அந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். அடுத்த இறக்கையை மாட்டிக்கொண்டு பறக்கப்போகிறவரும் அங்கேதான் நிற்கிறார்.

இந்த மாணவர் சங்கங்களுக்கு அகாஃப்லீக் என்று பெயர். டார்ம்ஷ்டாட், ஸ்டுட்கார்ட், பிரவுன்ஷ்வைக், மியூனிக், ஹனோவர், பெர்லின், கார்ல்ஸ்ரூ, டிரெஸ்டன் எனப் பல ஊர்களில் இருக்கின்றன. ஆஹன் நகரத்துச் சங்கத்துக்கு மட்டும் பெயர் வேறு, வேலை அதேதான். எல்லாவற்றுக்கும் பொதுவான கூட்டமைப்பு 1922இல் உருவான இடாஃப்லீக். இவை பல்கலைக்கழகத் துறைகள் அல்ல. மாணவர்களே தலைவரையும் பொருளாளரையும் தேர்ந்தெடுத்து நடத்தும் சங்கங்கள். பல்கலைக்கழகம் இடம் கொடுக்கிறது, பழைய உறுப்பினர்கள் பணமும் அனுபவமும் கொடுக்கிறார்கள், நிறுவனங்கள் இழைத்துணியும் ரெசினும் கருவிகளும் தருகின்றன. மாணவர்களின் வேலை ஒன்றுதான்: எஞ்சின் இல்லாத கிளைடர் விமானங்களைத் தாங்களே வடிவமைத்து, தாங்களே கட்டி, தாங்களே ஓட்டுவது.

இது எப்படித் தொடங்கியது என்று கேட்டால் போர்க்காலத்துக்கு முன்னால் போக வேண்டும். 1912இல் டார்ம்ஷ்டாட்டைச் சேர்ந்த பள்ளி மாணவர்கள் சிலர், ரோன் மலைத்தொடரில் 950 மீட்டர் உயரமுள்ள வாஸர்குப்பே குன்றுக்குத் தாங்கள் கட்டிய கிளைடரைக் கொண்டுபோனார்கள். ஹான்ஸ் குட்டர்முத் என்ற பையன் அதில் 838 மீட்டர் தூரம் பறந்தான். அடுத்து முதல் உலகப் போர் வந்தது. குட்டர்முத் அந்தப் போரில் இறந்துபோனார். போர் முடிந்ததும் வெர்சாய் ஒப்பந்தம் ஜெர்மனியின் விமானத் தொழிலைக் கட்டிப்போட்டது. எஞ்சின் இல்லாத விமானத்துக்கு மட்டும் வழி இருந்தது. 1920 கோடையில் ஆஸ்கர் உர்ஸினுஸ் என்ற பத்திரிகையாசிரியர் அழைக்க, இளைஞர்கள் அதே வாஸர்குப்பேயில் கூடினார்கள்.

அந்த ஆண்டு ஆஹன் மாணவர்களின் சார்பில் வொல்ஃப்காங் கிளெம்பெரர் 1,830 மீட்டர் தூரத்தை இரண்டரை நிமிடத்துக்குள் பறந்து வென்றார். தியோடர் ஃபான் கார்மான் என்ற பேராசிரியரின் உதவியாளர் அவர். இந்தக் கார்மான் பின்னாளில் அமெரிக்காவுக்குப் போய், கலிஃபோர்னியாவில் ராக்கெட் பைத்தியம் பிடித்த மாணவர் கூட்டத்துக்கும் ஆதரவு கொடுத்தார்; அந்தக் கூட்டத்திலிருந்துதான் ஜெட் புரொபல்ஷன் லேபரட்டரி வளர்ந்தது. மாணவர்களை நம்பி இடம் கொடுத்த ஆசிரியர் ஒருவர், இரண்டு கண்டங்களில் என்னவெல்லாம் செய்யமுடிந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

1922 ஆகஸ்டில் ஹனோவர் மாணவர்களின் ‘வாம்பயர்’ கிளைடர் ஒரு மணி நேரத்துக்கு மேல் காற்றில் நின்றது. அதே மாதத்திலேயே மூன்று மணி நேரத்தையும் தாண்டியது. இரண்டே ஆண்டுகளில் நிமிடக் கணக்கு மணிக் கணக்காகிவிட்டது. பிறகு வந்த நாஜி ஆட்சி கிளைடர் பயிற்சியைப் போர்விமானிகளை உருவாக்கும் வழியாக மாற்றிக்கொண்டது. அந்த இருண்ட பக்கத்தை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்வது நேர்மையாகாது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜெர்மானியர்கள் கிளைடரைக்கூடத் தொடக்கூடாது என்று தடை வந்தது. 1951இல்தான் அது நீங்கியது.

மீண்டும் கூடிய மாணவர்களிடம் பணம் இல்லை, ஒரு கேள்வி இருந்தது. காற்று இறக்கையின் மேல் குழப்பமில்லாமல் வழுக்கிக்கொண்டு போனால் இழுவை வெகுவாகக் குறையும். அதற்கு இறக்கையின் வளைவு மில்லிமீட்டர் பிசகாமல் இருக்க வேண்டும், மேற்பரப்பு கண்ணாடிபோல வழவழப்பாக இருக்க வேண்டும். மரத்தையும் துணியையும் வைத்து அதைச் செய்யமுடியாது. ஈரம் பட்டால் மரம் உப்பும், துணி தொய்யும். ஸ்டுட்கார்ட் சங்கத்தில் ஹெர்மன் நேகலெ, ரிச்சர்ட் எப்லர் ஆகியோர் தொடங்கிய வேலை, கண்ணாடி இழையையும் ரெசினையும் அச்சில் வார்த்து இறக்கை செய்யும் முறைக்கு வந்து சேர்ந்தது. ‘ஃபீனிக்ஸ்’ என்ற அந்த எஃப்எஸ் 24 விமானம் 1957 நவம்பர் 27 அன்று பறந்தது. உலகின் முதல் கண்ணாடி இழைக் கிளைடர் அதுதான்.

கிளைடர்கள் எல்லாம் ஏன் வெள்ளையாக இருக்கின்றன என்பதற்கும் இங்கேதான் பதில். ரெசின் சூட்டில் இளகும். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பி, இறக்கையைப் பத்திரமான வெப்பநிலையில் வைக்கிறது. உடைக்கும் சோதனையை 54 டிகிரியில் செய்வதும், கொளுத்தும் வெயிலில் நின்ற விமானமும் பறக்கத் தகுதியாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான்.

அடுத்த பாய்ச்சல் டார்ம்ஷ்டாட்டில் நடந்தது. கெர்ஹார்ட் வைபல், வொல்ஃப் லெம்கே, கிளாவுஸ் ஹோலிக்ஹவுஸ் முதலிய மாணவர்கள் டி-36 என்ற கிளைடரைக் கட்டினார்கள். இறக்கை அகலம் 17.8 மீட்டர், கண்ணாடி இழைத் தோல்களுக்கு நடுவே பால்ஸா மரம். 1964 மார்ச்சில் பறந்த அந்த விமானம், ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து விட்டால் சுமார் 44 கிலோமீட்டர் தூரம் வழுக்கிக்கொண்டு போகும். 1965இல் இங்கிலாந்தில் நடந்த உலகப் போட்டியில் அது இரண்டாம் இடம் பெற்றது. உலகத்தின் தேர்ந்த தொழிற்சாலைகள் அனுப்பிய விமானங்களோடு மோதி, மாணவர்களின் பட்டறையில் பிறந்த விமானம் பெற்ற இடம் அது.

அதற்குப் பிறகு அந்த மூவரும் எங்கே போனார்கள் என்பதுதான் இந்தக் கதையின் சாரம். வைபல், வாஸர்குப்பேயின் அடிவாரத்தில் இருக்கும் ஷ்லைஹர் நிறுவனத்துக்குப் போனார். அங்கே அவர் வடிவமைத்த விமானங்களின் பெயரிலேயே அவரது முதலெழுத்தும் சேர்ந்தது. அவரது ஏஎஸ்டபிள்யூ 12இல்தான் ஹான்ஸ்-வெர்னர் க்ரோஸ 1972 ஏப்ரல் 25 அன்று வட ஜெர்மனியின் லூபெக்கிலிருந்து பிரான்ஸின் பியாரிட்ஸ் வரை, எஞ்சின் இல்லாமல் 1,460 கிலோமீட்டர் பறந்தார். ஹோலிக்ஹவுஸ், ஷெம்ப்-ஹிர்த் நிறுவனத்தில் சேர்ந்து, பிற்பாடு அதற்கே உரிமையாளர் ஆனார். லெம்கே போன இடம்தான் இன்னும் சுவாரஸ்யம்: ஜன்னலுக்கு மாட்டும் சுருள் ஷட்டர் செய்யும் தொழிற்சாலை. அங்கே வால்டர் ஷ்னைடருடன் சேர்ந்து அவர் உருவாக்கிய எல்எஸ் கிளைடர் வரிசை உலகப் போட்டிகளில் வெற்றிமேல் வெற்றி பெற்றது. மூன்று மாணவர்கள், மூன்று நிறுவனங்கள். ஒரு நாட்டின் கிளைடர் தொழிலே ஒரு மாணவர் சங்கத்தின் பட்டறையிலிருந்து புறப்பட்டுப் போயிருக்கிறது.

மற்ற ஊர்களும் சும்மா இருக்கவில்லை. பிரவுன்ஷ்வைக் மாணவர்கள் 1972இல் பறக்கவிட்ட எஸ்பி 10, கார்பன் இழையைப் பயன்படுத்திய முன்னோடி விமானங்களில் ஒன்று. அதன் இறக்கை அகலம் 29 மீட்டர். நூற்றைம்பது பேர் ஏறும் ஏர்பஸ் ஏ320க்கே 34 மீட்டர் சொச்சம்தான். ஸ்டுட்கார்ட்டின் எஃப்எஸ் 29, பறந்துகொண்டிருக்கும்போதே இறக்கையை 13.3 மீட்டரிலிருந்து 19 மீட்டர் வரை நீட்டிக்கொள்ளும். தொழிற்சாலை எதுவும் லாபக் கணக்குப் பார்த்து இதைச் செய்யத் துணிந்திருக்காது. மாணவர் சங்கத்துக்குத் துணிய உரிமை உண்டு.

புதிதாகச் சேரும் மாணவருக்கு என்ன கிடைக்கிறது? முதலில் உப்புத்தாள். இறக்கையின் மேற்பரப்பை ஈரம் விட்டுத் தேய்க்க வேண்டும், கையால் தடவிப் பார்க்க வேண்டும், மறுபடி தேய்க்க வேண்டும். பிறகு ரெசினையும் ஹார்டனரையும் தராசில் நிறுத்துக் கலக்கப் பழகுகிறார். கலந்த ரெசின் இறுகுவதற்குள் துணியை அச்சில் படியவைத்து, காற்றுக் குமிழி இல்லாமல் உருளையால் அழுத்தி, பிளாஸ்டிக் உறை போட்டு வேக்யூம் பம்ப்பை ஓடவிட வேண்டும். எந்தத் துணி, எத்தனை அடுக்கு, யார் கலந்தது, அறையின் வெப்பம் என்ன, எல்லாம் குறிப்பேட்டில் ஏறும். அந்தக் குறிப்பு இல்லாமல் விமானத்துக்குப் பறக்கும் அனுமதி கிடைக்காது.

ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான மணி நேரம் பட்டறையில் உழைக்க வேண்டும். அதற்கு ஈடாகக் கிடைப்பது பறப்பு. முன்பின் விமானத்தில் கை வைக்காதவரும் சேரலாம்; சங்கத்தின் பயிற்றுநர்களே கற்றுத்தருகிறார்கள். வார இறுதியில் விமானத்திடலில் வின்ச் சுழல, நீண்ட கயிறு கிளைடரை இழுத்து, நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் சில நூறு மீட்டர் உயரத்தில் விட்டுவிடும். பிறகு சத்தமில்லை. தான் தேய்த்த இறக்கை கண்ணெதிரே இருக்கிறது. காற்றியக்கவியல் பாடத்தில் சமன்பாடாகப் படித்தது, அப்போது கையிலும் முதுகிலும் உறைக்கிறது.

ஆகஸ்டில் எல்லாச் சங்கங்களும் இடாஃப்லீக்கின் கோடைச் சந்திப்பில் கூடுகின்றன. தெற்கே ஆலன் ஊரை ஒட்டிய எல்ஷிங்கன் விமானத்திடலில் பல ஆண்டுகளாக இது நடந்துவருகிறது. ஜெர்மன் விமான, விண்வெளி ஆய்வு மையமான டிஎல்ஆரின் ஆராய்ச்சியாளர்களும் வருவார்கள். காற்று அசையாத விடியற்காலையில் இரண்டு கிளைடர்களை உயரே இழுத்துப்போய் விடுவார்கள். ஒன்றின் திறன் துல்லியமாக அளந்து வைத்தது, மற்றது சோதிக்க வேண்டியது. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே வேகத்தில் இறங்கும்போது, எது எவ்வளவு தாழ்கிறது என்ற வித்தியாசத்திலிருந்து புதிய விமானத்தின் திறன் தெரிந்துவிடும். மேலே, ஒரு விமானம் எப்படித் திரும்புகிறது, எப்படி நிலைகுலைகிறது, எவ்வளவு விசை கேட்கிறது என்று முறையாகச் சோதித்து எழுதவும் மாணவர்கள் கற்றுக்கொள்கிறார்கள். சோதனை விமானி ஹான்ஸ் ஸாக்கர் வகுத்த முறை அது. இருபத்திரண்டு வயதில் இந்தப் பயிற்சி வேறெங்கே கிடைக்கும்?

விலையும் உண்டு. ஒரு விமானம் வரைபடத்திலிருந்து வானத்துக்குப் போகப் பத்து ஆண்டு ஆவது சாதாரணம். முதல் கோடு போட்டவர் பட்டம் வாங்கி, வேலைக்குப் போய், குழந்தை பெற்ற பிறகுதான் அது பறக்கும். பட்டறையே கதியென்று கிடந்து படிப்பு ஓரிரு செமஸ்டர் நீண்டவர்களும் இருக்கிறார்கள். கிளைடர் பறப்பில் ஆபத்து இல்லை என்றும் சொல்லமுடியாது. ஹோலிக்ஹவுஸே 1994இல் ஆல்ப்ஸ் மலையில் விபத்தில் இறந்தார். இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் சேர வேண்டும்.

நம்மவர்களுக்கு இது தூரத்துக் கதை அல்ல. 2023–24இல் ஜெர்மனியில் படித்த இந்திய மாணவர்கள் ஏறத்தாழ 49,000 பேர். வெளிநாட்டு மாணவர்களில் இந்தியர்களே முதலிடம். தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளிலிருந்து வந்தவர்களை ஆஹனிலும் ஸ்டுட்கார்ட்டிலும் தெருவுக்குத் தெரு பார்க்கலாம். வகுப்பு, பகுதிநேர வேலை, அறை, வாட்ஸ்அப் என்று இரண்டு ஆண்டுகள் போய்விடுகின்றன. ஜெர்மன் பேச ஆளில்லை என்பது அவர்களின் பெரிய குறை. பட்டறையில் அந்தக் குறை தானாகத் தீரும், ஏனென்றால் அங்கே பேசாமல் வேலை நடக்காது.

1959இல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு எழுந்த சென்னை ஐஐடியிலும் இதே வகைப் பட்டறை ஒன்று உண்டு. மாணவர்களே நடத்தும் ‘சென்டர் ஃபார் இன்னொவேஷன்’ அது. அங்கே உருவான ‘ஆவிஷ்கார்’ குழு 2019இல் ஸ்பேஸ்எக்ஸின் ஹைப்பர்லூப் போட்டியின் இறுதிச் சுற்றுவரை போனது. ஆனால் தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரிகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அவற்றில் பலவற்றில் லேத்தும் மில்லிங் மெஷினும் ஆய்வக நேரம் முடிந்ததும் பூட்டுக்குள் போய்விடுகின்றன. கல்லூரி முதல்வர்களே, மாலை ஐந்து மணிக்குப் பிறகு அந்தச் சாவியை மாணவர் சங்கத்திடம் கொடுத்துப் பாருங்கள். ஒரு தொழில்நுட்ப உதவியாளரை உடன் இருத்துங்கள். உடைந்தால் உடையட்டும்.

அக்டோபரில் குளிர்காலச் செமஸ்டருக்கு ஜெர்மனிக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு: உங்கள் பல்கலைக்கழகத்தில் அகாஃப்லீக் இருக்கிறதா என்று வந்த முதல் வாரமே விசாரியுங்கள். செமஸ்டர் தொடக்கத்தில் புதியவர்களுக்கு அறிமுகக் கூட்டம் வைப்பது வழக்கம். விமான உரிமம் தேவையில்லை, விமானப் பொறியியல் மாணவராக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ரெசின் பட்டாலும் கவலையில்லாத ஒரு பழைய சட்டையை மட்டும் பெட்டியில் எடுத்துவாருங்கள்.