சேரவும் விலகவும் உரிமை

ஒரு குழு மனிதரை எப்படித் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது என்பதைச் சமூகவியல் மாணவியாக இருந்த காலத்திலிருந்தே கவனித்து வருகிறேன். பெண்கள் சங்கங்களோடு வேலை செய்யத் தொடங்கிய பின் இந்த அக்கறை கூடியது. அப்படித் தேடிப் படித்தவற்றுள் ஒன்று, ‘ஓப்புஸ் தேயி’ என்னும் கத்தோலிக்க அமைப்பின் வரலாறு. ‘இறைவனின் பணி’ என்பது இப்பெயரின் பொருள்.

1928இல் ஸ்பெயினில் யோசேமரியா எஸ்கிரிவா என்ற குருவானவர் இதனை ஆரம்பித்தார். 1930 முதல் பெண்களும் சேர்க்கப்பட்டனர். அன்றாட வேலையையே இறைபணியாக்கலாம் என்பது அதன் போதனை. ஆரம்பம் முதலே பல்கலைக்கழக மாணவரிடையே அது வேலை செய்தது. 1952இல் ஸ்பெயினில் நவார்ரா பல்கலைக்கழகம் அதன் முயற்சியால் உருவானது. இலண்டனிலும் ஒக்ஸ்போர்ட்டிலும் மாணவர் விடுதிகள் எழுந்தன. நாளைய நீதிபதிகளும் அதிகாரிகளும் இத்தகைய இடங்களில்தானே படிக்கிறார்கள்! வீட்டை விட்டு வந்த பிள்ளைக்கு நல்ல அறை, படிப்புக்கு உதவி, பரிவாக விசாரிக்க ஓர் ஆள். அந்த நட்பின் வழியே சிலர் அங்கத்தவராகினர். அவர்களுள் மணமுடிக்காமல், உழைப்பை அமைப்புக்குக் கொடுத்து வாழ்பவர்களும் உண்டு.

பிரித்தானியாவில் இதுபற்றி விமர்சனங்கள் எழுந்தன. அவற்றை ஆராய்ந்த கர்தினால் பசில் ஹியூம், 1981இல் தமது மறைமாவட்டத்துக்கு நான்கு விதிகளை வெளியிட்டார். 18 வயதுக்குக் குறைந்தவரிடம் நீண்டகால வாக்குறுதி பெறக்கூடாது. சேர விரும்பும் இளையோர் முதலில் பெற்றோருடன் பேச வேண்டும். சேரவும் விலகவும் நெருக்குதல் இருக்கக்கூடாது. எந்த நிகழ்ச்சியானாலும் நடத்துவது யாரென வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். குறை கண்டவரும் கத்தோலிக்கரே என்பதைக் கவனியுங்கள். இங்கே பிரச்சினை சமயம் அல்ல, சுதந்திரமே.

இன்னொரு பக்கமும் உண்டு. அந்த இல்லங்களில் சமையலும் துப்புரவும் பெண் அங்கத்தவரின் பொறுப்பு. ஆர்ஜென்டீனாவில் இவ்வாறு வேலை செய்த 40இற்கும் மேற்பட்ட பெண்கள், சிறுவயதில் படிப்பிப்பதாகச் சொல்லி அழைத்து வந்து, சம்பளமின்றி வேலை வாங்கியதாக 2021இல் வத்திக்கானிடம் முறையிட்டனர். அமைப்பு இதனை மறுக்கிறது.

சகோதரிகளே, போரில் இழந்தவர்களிடம் உதவியோடு பலர் வருவார்கள். நல்லவர்களே அதிகம். என்றாலும் மகளை ஒரு விடுதியில் சேர்க்கும்போதும், நாமே ஒரு குழுவில் சேரும்போதும் கேட்போம்: நடத்துவது யார்? வீட்டாரோடு பேசத் தடையுண்டா? வேலைக்குச் சம்பளம் உண்டா? விரும்பினால் விலகலாமா? நேர்மையானவர்கள் இக்கேள்விகளுக்குக் கோபிக்க மாட்டார்கள்.